எதிராக ஒரு கை

அரசெலி சமையலறை மேசையில் கொடியை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பச்சை, வெள்ளை, பச்சை. போன டிசம்பரில் அந்தலூசியாப் பிரதேசம் முழுவதும் தெருவுக்கு வந்து சுயாட்சி கேட்டபோது அவளுடைய அப்பா கசியானோ தோளில் போர்த்திக்கொண்டு போன கொடி. ஓரத்தில் ஒரு ஒயின் கறை, எத்தனை துவைத்தும் போகவில்லை. பக்கத்து அறையில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார், டை இல்லாமல்.

டை கட்டிவிட வந்த தோமாசாவை அரசெலி தடுத்துவிட்டிருந்தாள். "உசுரோட இருந்தப்பவே கட்டாத மனுசன். இப்ப எதுக்குக் கழுத்த நெரிக்கிறீங்க?"

தோமாசா ஆலிவ் பொறுக்கும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. யாருக்கும் அடங்காதவள், இதற்கு மட்டும் அடங்கினாள்.

வாசலில் பெர்னபே வந்து நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கசியானோவோடு முப்பது வருஷம் எண்ணெய் ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர். நாட்டை ஆண்ட சர்வாதிகாரி உயிரோடிருந்த காலத்தில் ஆலிவ் மூட்டைக்குள் துண்டுப் பிரசுரங்களை ஒளித்துக் கடத்தியவர்கள் இருவரும். இப்போது பெர்னபே கட்சியின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர்.

"நாலு மணிக்கு தலைநகரத்துலேர்ந்து தோழர்கள் வர்றாங்கம்மா. போட்டோ எடுப்பாங்க. பெட்டி மேல இத போடணும்." பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்புக் கொடி, தலைநகர் மத்ரீத்தின் பெரிய கட்சியுடையது. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

அரசெலி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மாமா, மினிட்ஸ் நோட்டு எங்க?"

அவர் முகம் சுருங்கியது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு கிளையில் ஒன்பது பேர் கூடினார்கள். அந்தலூசியாவுக்கென்று இருந்த அவர்களுடைய சின்ன சோசலிஸ்ட் கட்சி மத்ரீத்தின் பெரிய கட்சியோடு சேர வேண்டுமா என்று வாக்கெடுப்பு. சேரலாம் என்று எட்டுக் கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று ஒரு கை. கசியானோ அந்தக் கையை இறக்கவில்லை. "நோட்டுல ஏத்து. அப்பதான் இறக்குவேன். நாப்பது வருஷம் அந்தச் சர்வாதிகாரி கையத் தூக்கவே விடல, இப்ப எண்ணாம விட்டுட்டா எப்படி?" பெர்னபே ஏதோ எழுதி நோட்டை மூடிய பிறகுதான் கை இறங்கியது.

படுக்கையில் விழுந்த பிறகும் அப்பா அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தாநாள் அவளைப் பார்த்து, "போய்ப் பாத்துட்டு வா, எழுதியிருக்கானான்னு" என்றார். அவள் போய்ப் பார்த்தாள். 'ஒருமனதாக' என்று இருந்தது. திரும்பி வந்து, "எழுதியிருக்குப்பா" என்றாள். அவர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார். சாகிற மனுஷனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது.

"மேலிடத்துல கேட்டாங்கம்மா," என்றார் பெர்னபே. "ஒருமனதான்னா பாக்க நல்லாருக்கும்னு."

"ஒம்போது பேர்ல எட்டுப் பேர் எப்படி மாமா ஒருமனது?"

"செத்தவனுக்கு இனிமே என்ன..."

"எனக்கு வேணும். அத எழுதுங்க. இல்லேன்னா அந்தச் சிவப்புத் துணிய எடுத்துட்டுப் போங்க."

"புரிஞ்சுக்க புள்ள. பச்சைக் கொடி போட்டா நம்ம கட்சிப் பசங்க பெட்டியத் தூக்க வரமாட்டானுங்க."

கதவோரத்தில் நின்ற தோமாசா இடுப்பில் கை வைத்தாள். "அறுவத்தஞ்சு கிலோ மூட்டைய நாங்க தூக்கல? கசியானோ அம்பதுகூட இருக்க மாட்டார். நாங்க தூக்கிக்கிறோம்."

"பொம்பளைங்க கல்லறைக்கா?" என்றார் பெர்னபே. அந்த ஊரில் பெண்கள் அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சவத்தின் பின்னால் ஆண்கள்தான் போவார்கள்.

"இன்னும் என்னென்ன எழவு வழக்கம் பாக்கி இருக்கோ சொல்லிடுங்க. எல்லாத்தையும் இன்னிக்கே மீறிடுறோம்," என்றாள் அரசெலி.

பெர்னபே பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு ஆறு பெண்கள் பச்சைக் கொடி போர்த்திய பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் வலப்பக்கம் அரசெலி. பாதிரியாரை அழைக்காத இந்த மாதிரிச் சாவுக்குச் சர்ச் மணி அடிக்கமாட்டார்கள்; அப்படிப்பட்ட சவத்தைப் பின்சந்து வழியாகத்தான் கொண்டுபோவது வழக்கம். அவர்கள் கடைத்தெரு வழியாகப் போனார்கள். தலைநகரத்திலிருந்து வந்த இரண்டு தோழர்களும் காமிராவோடு நின்று பார்த்துவிட்டு, படம் எடுக்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மதுக்கடை வாசலில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

முனையில் போலீஸ்காரன் ஒருவன் மறித்தான். "ஏய், பொம்பளைங்கல்லாம் எங்க போறீங்க?"

"பொணம் எங்க போகுதோ அங்க. நீயும் ஒரு தோள் குடுக்கிறியா?" என்றாள் தோமாசா. அவன் ஒதுங்கி நின்றான்.

கல்லறைத் தோட்டத்தின் பெரிய வாசல் அவர்களுக்கில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், சர்ச்சுக்கு வேண்டாதவர்களுக்கென்று தனியாக ஒரு மூலை, குனிந்து நுழைகிற ஒரு கதவு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெர்னபே தனியாக நின்றார். சிவப்புக் கொடி கையில் இல்லை. அக்குளில் மினிட்ஸ் நோட்டு இருந்தது.

குழிப்பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். பெர்னபே மூச்சு வாங்க மண்டியிட்டு, பச்சைக் கொடியின் மேல் நோட்டை வைத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார்.

"என்னன்னு எழுத?" என்றார்.

அரசெலி வலது கையைத் தூக்கினாள், அப்பா தூக்கிய மாதிரி, முழங்கை மடங்காமல். பெட்டி சுமந்த தோள் வலித்தது. இறக்கவில்லை.

பெர்னபே 'ஒருமனதாக' என்பதை அடித்தார். ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்று என்று எழுதி, பக்கத்தில் கசியானோவின் பெயரை முழுசாக எழுதினார். மை காய்வதற்காகக் குனிந்து ஊதினார்.

காய்ந்த பிறகுதான் அவள் கையை இறக்கினாள்.