கத்திரிப்பூ நிற ஆறு

1

இந்தக் கதை ஒரு பனியனிலிருந்து வந்தது. திருப்பூரில், எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட சரக்கு விற்கும் கடையில் வாங்கினேன். மார்பில் ஓர் அமெரிக்கச் சிற்றூர்: மரவீடுகள், ஆளில்லாத பெட்ரோல் பங்க், நடுவே ஓர் ஆறு. ஆறு கத்திரிப்பூ நிறத்தில் ஓடியது.

“இதே மாதிரி வேற இருக்குதுங்களா?”

“இல்லீங்க. இந்த ஒண்ணுதான் வந்துச்சு.”

இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

“விஜயகுமாரி அமெரிக்காவைப் பார்த்ததில்லை, ஆனால் அவள் கனவுகளில்...” வேண்டாம். அவள் கனவில் அமெரிக்கா வந்ததே இல்லை.

மறுபடி தொடங்குகிறேன். திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் பனியன் பிரிண்டிங் கம்பெனி ஒன்றில், பிறர் அனுப்பும் படங்களைக் கணினியில் திருத்துவது அவள் வேலை. முதன்முறையாக அவளையே ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அமெரிக்கர்கள், அவர்கள் நாட்டுச் சிற்றூர் வேண்டுமாம். படம் தேறினால் அவள் டிசைனர். தேறாவிட்டால் காலத்துக்கும் அடுத்தவர் படம்தான்.

அந்நாட்டு ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். சமவெளிக்காரர்கள் முக்கால் படத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு மனிதரை எறும்பளவு வரைந்திருந்தார்கள். நகரத்துக்காரர்கள் ஜன்னல் ஜன்னலாக வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒருவரைத் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். சிற்றூர்க்காரர்களுக்கு ஒரு தெருவே போதுமாயிருந்தது. யாரும் அமெரிக்காவை வரையவில்லை, அவரவர் வாசலில் நின்றால் தெரிவதைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. (அவளுக்கா பட்டது? எனக்குத்தான். அவளுக்குப் படத்தை முடிக்கிற கவலை.)

3

முதலாளி மகுடேஸ்வரன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஏங்கண்ணு, ஆறு என்னத்துக்குக் கத்திரிப்பூக் கலர்ல போவுது?”

“ஆறு வேற எப்படிங்க இருக்கும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

நொய்யல் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். அப்பா அங்கமுத்து, ஆற்றில் சாயத்தண்ணீரை விடும் பட்டறையில் வேலை பார்த்தார். காலையில் ஆறு சிவப்பாக ஓடினால், சாயங்காலம் அப்பாவின் பாதமும் சிவப்பாக வீடு வரும். பச்சையென்றால் பச்சை. ஆற்றைப் பார்த்தே அன்றைய அப்பாவை அவள் அறிந்துகொள்வாள். அவர் இறந்த அன்று குளிப்பாட்டிய பிறகும் கால் நகக்கண்ணில் கத்திரிப்பூ நிறம் போகவில்லை. (இந்த வாக்கியத்தை அடிக்கப் பார்த்தேன். அழவைக்கப் பார்க்கிறான் என்பீர்கள். மனம் வரவில்லை.)

“நீலம் போட்டுரு கண்ணு. அவிய ஊர்ல ஆறு நீலந்தான். இப்பிடியே அனுப்புனா ஆர்டர் நிக்காது.”

“சேம்பிள் ஒண்ணு இப்பிடியே அடிச்சுப் பாத்துக்கறனுங்க.”

“அடிச்சுக்க. அனுப்பறது நீலந்தான்.”

4

முடிவு ஒன்று: அவள் மறுக்கிறாள். அமெரிக்காவில் யாரோ அந்த ஆற்றைப் பார்த்து... இல்லை, அந்த யாரோவை நான் நம்பவில்லை.

முடிவு இரண்டு: அவள் மறுக்கிறாள், ஆர்டர் கைவிட்டுப் போகிறது. அடித்த பனியன்கள் மொத்தமும் கடைத்தெருவில் குவிகின்றன. ஊரே அங்கமுத்துவின் ஆற்றை மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறது. இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். இதற்காகத்தான் கதையையே தொடங்கினேன்.

ஆனால் கடைக்காரர் சொன்னதை முதல் பகுதியிலேயே எழுதித் தொலைத்துவிட்டேன். இந்த ஒண்ணுதான் வந்துச்சு.

5

அந்தப் பனியனைப் பலமுறை துவைத்துவிட்டேன். சாயம் போகவில்லை.

விஜயகுமாரி இன்னும் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீலத்தைத் தேர்ந்தாகிவிட்டது. ஒரு விசையை அழுத்தினால் ஆறு முழுக்க மாறிவிடும், அவளும் டிசைனர் ஆகிவிடுவாள். விரல் விசைமேல் இருக்கிறது. அப்பாவை இன்னொரு முறை குளிப்பாட்டச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

அந்த விசையை அழுத்தும் வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். எழுதித்தான் ஆகவேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.