முந்தல் தாண்டியாச்சு

பக்கீர் முகம்மது நல்ல மனுசன்தான். போடியில ஏலக்காய் தரம் பிரிக்கிற கடை வச்சு நாலு குடும்பத்துக்குச் சோறு போடுறவரு. ஆனா அவரோட பழைய பெட்ரோல் காருன்னு பேச்சு வந்துட்டா மட்டும் புத்தி பெரண்டுரும். யார் என்ன சொன்னாலும் மண்டையில ஏறாது.

காருக்கு வந்த நோவு இதுதான். நின்ன எடத்துல கூடிக் கூடிக் கொறைஞ்சு உறுமும், மேடு கண்டா மூச்சு வாங்கும். எஞ்சினுக்குள்ள காத்தை நாலு வாசலுக்கும் பிரிச்சு அனுப்புற குழாய்க் கூட்டம் ஒண்ணு இருக்கு, மேனிபோல்டுன்னு சொல்லுவாக. இந்தக் காருல அது பிளாஸ்டிக்கு. சூட்டுல வெந்து வெந்து கீறல் விட்டுப் போச்சு. பசையைப் போட்டு ஒட்டி ஒட்டிப் பாத்துட்டு, கடைசியில மதுரையில ஒரு பழைய சாமான் கடையில சொல்லி வச்சு வேற ஒண்ணை ரயில்ல வரவழைச்சாரு. அது வந்த மறுநாள் காலையிலேயே காரை மொக்கச்சாமி பட்டறையில கொண்டுபோய் நிறுத்தியாச்சு.

மொக்கச்சாமி தோட்டத்து ஜீப்புகளைப் பாக்குற மெக்கானிக்கு. டீசல் வண்டியைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பான். இந்தக் காருல கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் கை வைப்பான். பழைய மேனிபோல்டைக் கழட்டிட்டு, எஞ்சின்ல வாயைப் பொளந்துக்கிட்டு இருந்த நாலு ஓட்டையிலயும் துணியைத் திணிச்சு வச்சான், நட்டு கிட்டு உள்ள விழுந்துறக் கூடாதுன்னு. அந்த நேரம் பாத்துத்தான் பக்கீர் சம்சாரம் மதீனா ஆட்டோவுல வந்து எறங்கினா. கால்ல செருப்புக்கூட இல்லை.

"என் தம்பி மௌத்தாயிட்டான்ங்க."

மலைக்கு மேல பூப்பாறையில கடை வச்சிருந்த சிக்கந்தர், மதீனா கூடப் பொறந்த ஒரே தம்பி. காலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்லையாம். மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். அவுக வழக்கத்துல பொம்பளைக கபர்ஸ்தானுக்குப் போக மாட்டாக. வீட்டுல இருந்து மையித்தை எடுக்குறதுக்கு முன்னாடி முகத்தைப் பாத்தாத்தான் உண்டு. அந்த முகத்துக்காகத்தான் மதீனா அப்படி ஓடி வந்திருந்தா.

"ஜீப்பு ஒண்ணு பிடிங்க. போயிருவோம்."

"இந்தா, இதை மாட்டுனாக் கிளம்ப வேண்டியதுதான். செத்த நேரம் பொறு."

மொக்கச்சாமியும் சொல்லிப் பாத்தான். "அண்ணே, துட்டிக்குப் போறீக. ஸ்டாண்டுல ஜீப்பு நிக்குது, போயிட்டு வாங்க. இது அவசரத்துக்கு ஆகுற சோலி இல்லை."

கேட்டாரா? கேக்கல. சிக்கந்தர் மக கல்யாணத்துல இந்தக் காரு மண்டப வாசல்ல படுத்துக்கிச்சு. மாப்ளை வீட்டாளுக முன்னாடி சிக்கந்தர் சிரிச்சுக்கிட்டே, "எங்க மச்சான் காருக்குப் பெட்ரோல் வேணாம், தள்ளுறதுக்கு நாலு ஆளு போதும்"னு சொல்லிட்டான். சும்மா கேலிதான். பக்கீருக்கு அது முள்ளாத் தச்சிருச்சு. ஒரு நா இதே காருல உன் வாசல்ல வந்து எறங்குறேன்டான்னு உள்ளுக்குள்ள கருவிக்கிட்டே இருந்தாரு. இப்ப அந்த வாசல்ல அவன் மையித்தாக் கெடக்கான். செத்தவன்கிட்ட என்னய்யா ரோசம்?

"வெரசா, வெரசா"ன்னு மொக்கச்சாமியை விரட்டிட்டு, தானே குனிஞ்சு ஓட்டையில இருந்த துணிகளை உருவ ஆரம்பிச்சாரு. அந்த எடம் எஞ்சினுக்குப் பின்பக்கம், கண்ணுக்குச் சரியாத் தெரியாது, கையால தடவித்தான் வேலை. பாதியில போன் அடிச்சுச்சு. சிக்கந்தர் மகன் சல்மான். மதீனா காதுல விழாம வெளிய போய்ப் பேசினாரு.

"மாமா, எங்க வர்றீக? மாமிக்காகத்தான் வச்சிருக்கோம். நம்ம ஜீப்பு போடிமெட்டுல நிக்குது, கீழ அனுப்பட்டா?"

"வேணாம் மாப்ளே. முந்தல் தாண்டியாச்சு."

போடிமெட்டு மலை உச்சியில, முந்தல் மலையடிவாரத்துல இருக்கு. இவரு போடி பட்டறை வாசல்ல நிக்காரு. நம்ம ஆளுகளுக்கு இது ஒரு வியாதி. குளிக்காமலே "கிளம்பிட்டோம்"பாக, பஸ்சு ஏறாமலே "இந்தா வந்துட்டோம்"பாக. கேக்குறவனும் அதுல பாதியைக் கழிச்சுட்டுத்தான் எடுத்துக்குவான். ஆனா பெத்த அத்தாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிற பையன் கழிச்சுப் பாக்கல. சொன்னதை அப்படியே நம்பிட்டான்.

பக்கீர் உள்ள வந்தப்ப மொக்கச்சாமி மதுரையில இருந்து வந்த மேனிபோல்டை ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"துணியெல்லாம் எடுத்தாச்சாண்ணே?"

"எல்லாம் எடுத்தாச்சு, மாட்டுப்பா."

மூணுதான் எடுத்திருந்தாரு. நாலாவது உள்ளாற அமுங்கிக் கரியோட கரியாக் கெடந்துச்சு.

எல்லாத்தையும் முடுக்கி, குழாய்களைச் சொருகி, சாவியைப் போட்டா வண்டி குளிர் காய்ச்சல் கண்ட மாதிரி உதறுது. "நாலுல மூணுதான் ஓடுது"ன்னு மொக்கச்சாமி தலையில கை வச்சான். பிளக்கைக் கழட்டிப் பாத்தான், ஒயரை மாத்திப் பாத்தான். பள்ளிவாசல்ல லுஹர் பாங்கு சொல்லி முடிச்சாச்சு. பழைய டயர் மேல உக்காந்திருந்த மதீனா, "இப்பவாச்சும் ஜீப்பு பிடிங்களேன்"னு கெஞ்சினா. "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு"ன்னாரு. சல்மான் மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கல. மலையில டவர் இல்லைன்னு நெனச்சுக்கிடட்டும்னு விட்டுட்டாரு.

கடைசியில மாட்டுனதை எல்லாம் திரும்பக் கழட்ட வேண்டியதாப் போச்சு. மொக்கச்சாமி அந்தத் துணியை உருவி வெளிய எடுத்து அவரைப் பாத்தான். தரையில போட்டுட்டு மறுபடியும் மாட்ட ஆரம்பிச்சான்.

ஒருவழியா அவுக நெசமாவே முந்தலைத் தாண்டினப்ப மலை மேல மேகம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. காரு அன்னைக்குப் போன போக்கு இருக்கே! ஒரு கொண்டை ஊசி வளைவுலகூடத் திணறல, உறுமல, வழுக்கிக்கிட்டு ஏறுச்சு. பக்கத்துல ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு வர்றா, இவரு மனசு ஒரு ஓரமாச் சந்தோசப்படுது. அந்தச் சந்தோசத்தை அவரே கண்டுக்கிட்டப்ப அவருக்கே அருவருப்பாப் போச்சு. "வந்துட்டோம்மா"ன்னாரு. மதீனா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

பூப்பாறையில மழை பிடிச்சிருந்துச்சு. வீட்டு வாசல்ல ஆம்பளை ஒருத்தரும் இல்லை. சிக்கந்தர் பொண்டாட்டி சுஃபியா உள்ள இருந்து குரல் விட்டு அழுதா.

"இப்பத்தானக்கா எடுத்தாக! குழியில தண்ணி ஊறுது, இனிமே வைக்க முடியாதுன்னு பள்ளிவாசல் அஜரத்து சொல்லிட்டாரு. இந்தா வந்துருவீக, இந்தா வந்துருவீகன்னு முகத்தை மூடாமயே வச்சிருந்தோமேக்கா!"

மதீனா படியிலயே சரிஞ்சு உக்காந்துட்டா.

பக்கீர் கபர்ஸ்தானுக்கு ஓடினாரு. பலகை வச்சு மூடியாச்சு. ஈர மண்ணுல மூணு பிடி அள்ளிப் போட அவருக்கு வாய்ச்சுச்சு. அவளுக்கு அதுவும் இல்லை.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினாக. சல்மான் நேரா மதீனாகிட்டப் போயி நின்னான். கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு.

"ஜீப்பு அனுப்புறேன்னு சொன்னேனே மாமி! மாமாதான் முந்தல் தாண்டியாச்சு, வேணாம்னுட்டாக. எங்க நின்னீக இம்புட்டு நேரம்?"

ஜீப்பு விசயம் மதீனாவுக்கு அப்பத்தான் தெரியும். தலையை நிமித்திப் புருசனைப் பாத்தா. கூடி நின்ன சொந்தக்காரக அத்தனை பேரும் அவரையே பாத்தாக. நாலு பேர் முன்னாடி அவ காறித் துப்பினாலும் வாங்கிக்கிடலாம்னுதான் நின்னாரு.

"நான்தான் அப்பு வேணாம்னு சொல்லச் சொன்னேன்"னா மதீனா. "ஜீப்புல ஏறுனா எனக்கு ஒத்துக்காது."

முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போயி சுஃபியா பக்கத்துல உக்காந்தா. பக்கீர் நெலைப்படிகிட்டப் போயி நின்னு, மெதுவா அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அவ திரும்பாமலே சொன்னா.

"நீங்க காரை எடுத்துக்கிட்டுப் போங்க. நாப்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் நான் இங்கதான்."

"நாப்பது முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன், என்ன?"

மதீனா சுஃபியா தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டா.