டயர் பாலிஷ் போட்ட ராணுவ லாரி

வைட்ஃபீல்டில் நூறு ஆபீஸ் கேப் வரிசையாக நின்றாலும் இந்த பெர்னார்ட் வண்டி எது என்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குத் தெரியும். வெயிலில் கண்ணைக் கூசவைப்பது என்னுடையது. காலையில் அரை மணி நேரம் துடைக்காமல் நான் சாவியைத் தொடுவதில்லை. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டியோ, லாரியைப் புதிதாகச் செய்து அதன்மேல் புழுதி பூசுகிறவள்.

லாரி என்றால் ஒரு சாண் நீளம்தான். பழைய ராணுவ லாரியின் குட்டி மாடல், அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. என் மனைவி லவினாவுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்வாள். எழுபது வயதுக்காரருக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பல் வைத்தால் ஊரே சிரிக்கும். பக்கத்துப் பல்லில் எவ்வளவு டீக்கறை, எவ்வளவு தேய்மானம் என்று பார்த்து, அதையும் பூசித்தான் அனுப்புவாள். வீட்டுக்கு வந்தால் அதே கை லாரியில் உட்கார்ந்துவிடும்.

"நான் ரோட்டுல சும்மாவே வாங்கிட்டு வர்ற அழுக்க, நீ பிரஷ் வச்சு போடுறியே" என்று கிண்டல் செய்வேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். ஆனால் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பவனும் நான்தான். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துப் போர்த்துவாள். காய்ந்ததும் அது தார்ப்பாயாகிவிடும். ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பழுப்பு நிறத்தில் தொட்டுத் தொட்டு வைப்பாள். பெயின்ட் உதிர்ந்த கதவு வந்துவிடும். ஒரு புள்ளி ஆயில் பெயின்டைக் கீழ்நோக்கி இழுத்தால் மழைத்தண்ணீர் வழிந்த தடம். கதவுக்குக் கீழே, டிரைவர் மிதித்து ஏறும் படியில் மட்டும் பச்சை தேய்ந்து இரும்பு தெரிந்தது. அது இரும்பே இல்லை, பென்சில் கரி! இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அந்தப் படியைப் பார்த்ததும் என் கால் தானாக உயர்ந்தது.

போன வருஷ மாடல் கண்காட்சிக்கு அழுக்கே பூசாமல் ஒரு டாங்கியைக் கொண்டுபோனாள். வந்தவர்கள் எல்லோரும் "க்யூட்டா இருக்கு, பொம்மை மாதிரி" என்றார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"எனக்குப் பரிசெல்லாம் வேணாங்க" என்றாள். "விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பாத்துட்டு, இது நெஜ வண்டின்னு நம்பணும். அது போதும்."

அதற்காக இந்த லாரியில் நாலு மாதம் உழைத்தாள். அதில் கடைசி மூன்று வாரம் வெறும் புழுதிக்கு.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அவள் சர்ச்சுக்கு, காலை முதல் பூசைக்குப் போயிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை முழுக்க மெல்லிய தூள், லாரியின் மேலும் தூள். ஐயோ, இடிக்கிற வீட்டுத் தூசி வந்து இவள் உழைப்பின்மேல் படிந்துவிட்டதே என்று பதறிப்போனேன். மேலாக மட்டும் தட்டிவிடலாம் என்று வண்டித் துணியை எடுத்தேன். துடைக்க ஆரம்பித்த கை நிற்கவில்லை. பானெட், கதவு, கண்ணாடி என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், பழக்கதோஷம், காது குடையும் பட்ஸில் டயர் பாலிஷைத் தொட்டு சக்கரங்களுக்கெல்லாம் பூசி முடித்தேன். கல்யாண வண்டி மாதிரி ஜொலித்தது. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

லவினா வந்தாள், பார்த்தாள், முக்காட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"தூசி இருந்துச்சும்மா. இடிக்கிறாங்கல்ல..."

"அது சாக்பீஸ அரைச்சு நான் போட்ட தூசி. காலையில வெளிச்சத்துல பாத்துட்டு, ஸ்பிரிட் விட்டு ஒட்ட வைக்கலாம்னு இருந்தேன்." கதவைக் காட்டினாள். "வெளில போங்க."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான், அதையும் என் கையாலேயே துடைத்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. ஆனால் லேபில் போடும் பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தாள்.

"ஏங்க, வேலைக்குப் போறப்ப நீங்க எப்படித் தொடைப்பீங்க? வரிசையா சொல்லுங்க."

"மொதல்ல கண்ணாடி, அப்புறம் பானெட், அப்புறம் கதவு. கண்ணுக்குத் தெரியறதுதான் மொதல்ல."

"எங்கெல்லாம் கை போகாது?"

அதை எந்த டிரைவரும் வெளியில் சொல்வதில்லை. அவளுக்காகச் சொன்னேன். சைடு கண்ணாடியின் முதுகு, கதவுக் கீல், பம்பரின் அடி, எட்டாத கூரை. அவசரத்தில் துணி ஒரே சுற்றாகச் சுற்றும். மூலையில் அழுக்கு ஒதுங்கிப் பிறை மாதிரி நிற்கும்.

"ராணுவத்துலயும் பெரிய ஆபீசருங்க வர்ற அன்னிக்குத் தொடைக்காம இருப்பாங்களா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். உடனே வேலையில் இறங்கினாள். ஒரு மயிரிழைப் பிரஷை வைத்துக்கொண்டு, நான் சொன்ன இடத்திலெல்லாம் புழுதியைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டினாள். பானெட்டின் ஓரத்தில் என் துணி விட்டுப்போன பிறையை அப்படியே எடுத்துக்காட்டினாள். சக்கரத்தில் நான் பூசிய டயர் பாலிஷை அப்படியே விட்டுவிட்டாள். ஒன்றரை மணி நேரம் நடுங்காத கை! எனக்கு அவள்மேல் பக்தியே வந்துவிட்டது.

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி. நடுவர்கள் வந்தார்கள், எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். "டயர் ஏன் இவ்ளோ ஷைனா இருக்கு?" என்று ஒரு பையன் சிரித்தான். லவினா தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர் வந்தார். பெயர் சின்னப்பா, ராணுவத்தில் லாரி டிரைவர்களை மேய்த்த ஹவில்தார், இப்போது ஓய்வு என்று பக்கத்து மேசைக்காரர் காதில் சொன்னார். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"யாருய்யா இந்த வண்டி டிரைவரு?"

ஹாலே திரும்பியது.

"ஆபீசர் சாப் வர்றாருன்னு டயருக்குக் கறுப்பு அடிச்சிருக்கான். பானெட்டு பளபளன்னு இருக்கு. இந்தக் கண்ணாடி முதுகப் பாரு! கீலப் பாரு! எவன ஏமாத்தப் பாக்குறான்? எங்கிட்ட இருந்திருந்தா கிரவுண்ட பத்து ரவுண்டு ஓட வுட்டிருப்பேன்!"

எங்கே நிற்கிறோம், பார்ப்பது ஒரு சாண் லாரி என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் லவினாவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

நான் ஒரு அடி முன்னால் வந்து, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாடி முதுக ஏன் தொடைக்கல?"

"தப்புதான் சார். இப்பவே தொடைச்சிடுறேன்."

"தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் லவினா, அழுதுகொண்டே சிரித்தபடி.