ஆட்டுக்கொட்டாயில் அத்தர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு மனித வாசம் ஆகாமல் போய்விட்டது. பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு நெடி. மீசை முளைக்காதவன்கூட அக்குளில் எதையோ புஸ்ஸென்று அடித்துக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறான். வியர்த்தால் குளிக்க வேண்டியதுதானே. குளிப்பதற்குச் சோம்பல், மணப்பதற்கு மட்டும் ஆசை. ஒருவன் பக்கத்தில் வந்து நின்றால் அவன் வயலில் இருந்து வருகிறானா, தறியில் இருந்து வருகிறானா, ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறானா என்று முன்பு தெரியும். இப்போது ஒன்றும் தெரிவதில்லை. எல்லாரும் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு வருகிற மாதிரியே எனக்குப் படுகிறது.

இந்தச் சனியன் எனக்கும் ஒரு நாள் ஒட்டியது. அதனால் இரண்டு உயிர் போகப் பார்த்தது.

அப்துல் கரீம் பாய் ராசிபுரத்துப் பக்கமெல்லாம் சுற்றி ஆடு பிடிக்கிற வியாபாரி. சேலத்துக்காரர். என் பட்டிக்கு வருசக்கணக்காக வந்து போகிறார். அவர் சொல்லும் எடையை நான் நம்புவதில்லை, வயசுக்கு நான் சொல்லும் பல்லை அவர் நம்புவதில்லை. ஆட்டின் வாயைத் திறந்து அவரே பார்ப்பார். அதனால்தான் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை. அவர் மகள் அஸ்பியாவுக்குச் சேலத்தில் கல்யாணம் என்று வீட்டுக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். போகாமல் இருக்க முடியுமா.

வீட்டில் என் மனைவி பழனியம்மாளின் கருப்பாடு ஒன்று தலையீத்துக்கு, அதன் முதல் பிரசவத்துக்கு, நிறைந்து நின்றது. அந்த ஆட்டின் தாய் தலையீத்திலேயே செத்துப்போனது. இதைப் பழனியம்மாள் கையால் பாலூட்டி வளர்த்தாள். நாங்கள் பெற்ற மகன் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டு பொங்கலுக்கு மட்டும் வருகிறான். அவனைப் பற்றி அவள் பேசுவதைவிட இந்த ஆட்டைப் பற்றிப் பேசுவது அதிகம்.

"இன்னைக்கு ஈனாதுங்க. மடி இன்னும் இறுகல. நீங்க போயிட்டு வெரசா வந்திருங்க" என்றாள். போனேன்.

மண்டபத்து வாசலில் பாயின் மகன் தவ்ஹீத் நின்றான். துபாயில் வேலை. கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு புட்டி, அதற்குள் காய்ச்சி முறிந்த வெல்லப்பாகு நிறத்தில் எண்ணெய். வருகிறவர் கையிலெல்லாம் தடவிக்கொண்டிருந்தான்.

"கைய நீட்டுங்க மாமா."

"எனக்கு எதுக்குடா தம்பி?"

"கஸ்தூரி அத்தரு மாமா. ஊதும், அதான் அகிலெண்ணெயும், சேர்ந்தது. ஒரிஜினல். மூணு நாளைக்குப் போகாது."

மூன்று நாளைக்குப் போகாது என்பதை நல்ல சேதி மாதிரி சொன்னான். நான் யோசிப்பதற்குள் இரண்டு புறங்கையிலும் இழுத்துவிட்டான். அதோடு விட்டானா, காதுக்குப் பின்னால் ஒன்று, சட்டைக் காலரில் ஒன்று. பின்னால் நின்ற கரீம் பாய் சிரித்தார். "அண்ணன் இன்னைக்குத்தான் ஆடு இல்லாம ஆளா வந்திருக்காரு" என்றார். கல்யாண வீட்டில் முகம் சுளிக்கக் கூடாது. சிரித்து வைத்தேன்.

முதல் மூச்சில் அது வண்டி மை மாதிரி இருந்தது. அச்சாணிக்குப் போட்டு, புழுதி சேர்ந்து, கருத்துக் கிடக்குமே, அந்த மை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஈரச் செருப்பைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய வாசம். அதற்கு அடியில் இனிப்பாக ஒன்று. அந்த இனிப்புத்தான் குமட்டியது. நாற்றம் நாற்றமாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். இது வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே நாறியது.

பந்தியில் உட்கார்ந்தேன். பிரியாணிக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனால் சோற்றுக்கு முன்னால் புறங்கை வந்து நின்றது. நல்ல கறி. அதில் பாதி என் பட்டியில் இருந்து போன கிடாய். ஆனால் வாயில் வைத்தால் அத்தரில் ஊறவைத்த மாதிரி இருந்தது. பக்கத்து இலைக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் பாதியில் எழுந்தேன். குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சோப்பு வாசம் போனது. அது போகவில்லை.

நாமக்கல் பஸ்ஸில் கூட்டம். நல்ல வெயில். வியர்க்க வியர்க்க அந்த எண்ணெய்க்கு உயிர் வந்தது. வண்டி மை போய்விட்டது, செருப்பு போய்விட்டது. இப்போது வந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம். பருவத்துக்கு வந்த கிடாய் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொண்டு நிற்குமே, அந்த வாடை. அதன் மேல் சர்க்கரை தூவிய மாதிரி. கிடாயின் பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்துகிற ஜனம், அதையே புட்டியில் அடைத்துத் துபாயில் இருந்து கொண்டுவருகிறது.

நான் கம்பியைப் பிடித்து நின்ற இடத்துக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"பின்னால இருந்துதான் வருது."

"அந்தப் பெரியவருகிட்டயா? இருக்காது. கரை வேட்டி கட்டிக்கிட்டு டீசண்டாத்தான் இருக்காரு."

"டீசண்டா இருக்கறவங்கதான் போடுவாங்க."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் நின்று ஒரு முறை மூச்சை இழுத்தார். "ஏனுங்க பெரியவரே, பொண்ணு பாக்கப் போறீங்களா, பாத்துட்டு வர்றீங்களா?"

"ஆண்டகளூர் கேட் ஒண்ணு குடு" என்றேன்.

கேட்டில் இறங்கி நடந்து வீட்டு வாசலுக்கு வரும்போதே பழனியம்மாள் கொட்டாயில் இருந்து கத்தினாள். "வெரசா வாங்க. மூக்கும் ஒரு காலும்தான் தெரியுது. இன்னொரு கால் மடங்கிக்கிச்சு."

ஓடினேன். சட்டையைக் கழற்றி வேலியில் எறிந்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். மடங்கின காலைத் தேடிப் பிடித்து நேராக்கி, ஆடு முக்கும்போது இழுத்தேன். பெட்டைக்குட்டி. மூக்கில் கிடந்த சளியை வழித்து, வாயைத் துடைத்து, காதைத் தேய்த்துவிட்டேன். பின்னாலேயே கிடாய்க்குட்டி ஒன்று சுலபமாக வந்தது. அதையும் துடைத்தேன். இரண்டும் உயிரோடு. ஆடும் உயிரோடு. பழனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகுதான் அவளுக்கு மூக்கு வேலை செய்தது. "என்னங்க இது நாத்தம்? நீங்களா?"

"பாய் ஊட்டுல பூசி உட்டானுங்க."

குட்டிகளை ஆட்டின் மூஞ்சிக்கு முன்னால் போட்டோம். ஆடு குனிந்தது. மோந்தது. சீறி மூச்சு விட்டுப் பின்வாங்கியது. மறுபடி மோந்து பார்த்தது. தலையைத் தாழ்த்திப் பெட்டைக்குட்டியை முட்டித் தள்ளியது. குட்டி உருண்டு சுவரில் போய் மோதியது.

தலையீத்து ஆடு சில சமயம் மிரளும். அது எனக்கும் தெரியும். ஆனால் நஞ்சுக்கொடி விழுந்ததும் பழனியம்மாள் அதன் ஈரத்தைக் குட்டிகளின் முதுகிலும் பின்தொடையிலும் தடவிவிட்டாள். ஆடு வந்து பின்பக்கத்தை நக்கியது. நக்கிக்கொண்டே முன்னால் வந்தது. கழுத்துக்கு வந்ததும் நின்றது. நான் தேய்த்த காது, நான் துடைத்த மூக்கு. அங்கே வந்ததும் முட்டியது. பாதிக் குட்டி அதனுடையது, மீதி யாருடையதோ என்று நினைத்த மாதிரி.

பொழுது சாய்வதற்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் ராத்திரிக் குளிருக்குத் தாங்காது. ஆடு மடியைத் தொடவே விடவில்லை. பின்னங்காலைப் பிடித்தால் படுத்துக்கொண்டது. நான் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். கடைசியில் என் கை மண்ணெண்ணெயில் ஊறின கஸ்தூரி மாதிரி ஆனது. குட்டிகளின் காதைச் சாணித் துணியால் துடைத்தோம். மோந்து பார்த்தேன். சாணிக்கு அடியில் அந்த இனிப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது.

பெட்டைக்குட்டி கத்துவதை நிறுத்தியது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

பழனியம்மாள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, "இதோட அம்மாளையும் குட்டியில இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. போனை எடுத்துப் பாய்க்கு அடித்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"பாய், உம்பட அத்தரு எங்கூட்டுக் குட்டியக் கொல்லுது."

"என்னண்ணே சொல்றீங்க?"

சொன்னேன். நடுவில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டுக்கொண்டார்.

"தொடச்சு ஆகாதுண்ணே. அது போகாது. ஆட்டு மூக்குலயே தடவி உடுங்க."

"என்னது?"

"நீங்க, குட்டி, கொட்டாயி எல்லாம் ஒரே வாசமா ஆயிருச்சுன்னா அதுக்கு எதை வெலக்கறதுன்னு தெரியாது. சந்தையில தாய் செத்த குட்டிய வேற ஆட்டுக்குப் பழக்க எங்க அத்தா வேப்பெண்ணெ தடவுவாரு."

"வேப்பெண்ணெ வேற, இந்தக் கருமம் வேற."

"மூக்குக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே. நேரத்தக் கடத்தாதீங்க."

போனை வைத்தேன். ஆடு வாங்கி விற்கிற ஆள் சொல்வதைக் கேட்டு நல்ல ஆட்டின் மூக்கில் அதைப் பூசுவதா. இரண்டு குட்டியைக் கெடுத்தது போதாதென்று தாயையும் கெடுப்பதா. என்னால் முடியாது என்றேன்.

"நீங்க தடவறீங்களா, நான் தடவட்டுங்களா?" என்றாள் பழனியம்மாள். எழுந்து போய் வேலியில் கிடந்த சட்டையை எடுத்து வந்தாள். அதை அவள் இரண்டு விரலால் தூக்கி வந்த விதத்தைப் பார்த்து நானே வாங்கிக்கொண்டேன்.

ஆட்டின் தாடையைப் பிடித்தேன். காலரால் மூக்கின் மேலும் உதட்டிலும் அழுத்தித் துடைத்தேன். ஆடு தும்மியது. தலையை உதறியது. பிறகு மேலுதட்டைச் சுருட்டி, ஈறைக் காட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி அப்படியே நின்றது. கிடாயைக் கண்டால் நிற்குமே, அந்த மாதிரி.

நின்ற நிலையில் பழனியம்மாள் பெட்டைக்குட்டியின் வாயைக் காம்பில் வைத்தாள். ஆடு காலை எடுத்தது. உதைக்கவில்லை, மாற்றி வைத்தது. குட்டி முதலில் சப்பவில்லை. பாலைப் பீச்சி நாக்கில் விட்டாள். ஒரு சொட்டு, பிறகு ஒன்று. குட்டியின் வால் லேசாக ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த குட்டியையும் விட்டாள். விளக்குப் போடும் நேரத்துக்கு ஆடு திரும்பி, பெட்டைக்குட்டியின் காதை நக்க ஆரம்பித்தது. நக்கிவிட்டு ஒரு தும்மல், மறுபடி ஒரு நக்கு.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு கரீம் பாய் ஒரு காலையில் வண்டியை நிறுத்தினார். கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு குட்டியும் தாயின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா. அத்தருதான் காப்பாத்துச்சு."

"கெடுத்தது எதுங்க பாய்?"

"கெடுத்தது தலையீத்து மெரட்சிண்ணே. எல்லாத்துக்கும் அத்தரயே சொன்னா எப்படி?"

"மடியில பால் கட்டி வலி எடுத்துச்சு. வலிக்குத்தான் குடுத்துச்சு. உங்க எண்ணெய்க்கு இல்ல."

"அப்ப மூக்குல தடவுனதும் நின்னது?"

"கெறங்கி நின்னுச்சு. நானும் பஸ்ஸுல அப்படித்தான் நின்னேன்."

பழனியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "எதோ ஒண்ணு. பொழச்சுதுல்லங்க அண்ணா" என்றாள். அவள் பாய் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.

பாய் சட்டைப் பையில் இருந்து ஒரு புட்டியை எடுத்து வாசல் திண்டில் வைத்தார். "தவ்ஹீத் குடுத்தான். அது உங்களுக்கு ஒத்துக்கலன்னு சொன்னேன். இது வேற. சந்தனம் கலந்தது. கருப்பு இல்ல, பாருங்க. ஒரு தடவ மோந்து பாருங்கண்ணே, உங்களுக்கே தெரியும்."

மூடியை வேறு திறந்தார். சந்தனம் இருந்தது, பொய் சொல்லவில்லை. சந்தனத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறதோ, வெயிலில் வியர்த்தால்தானே வெளியே வரும்.

"மூடி வைங்க பாய். குட்டி இருக்கற எடம்" என்றேன்.

கொட்டாய்க் கதவை அவிழ்த்து மற்ற ஆடுகளை வெளியே விட்டேன். பாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஆடுகளுக்குப் பின்னால், ஆட்டு வாசத்தை அள்ளிக்கொண்டு காற்று எதிரே வருகிற பக்கமாக, ஏரிக்கு நடந்தேன்.