பதினேழாம் நாள் அதிர்வு

கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடிக்கப்போகும் பிள்ளைகளை வேலைகள் வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் வரும். பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லும், போடாது.

அருப்புக்கோட்டை மங்கையர்க்கரசியை நாலு வேலைகள் பார்த்தன. இயற்பியல் படிக்கிற பெண்ணுக்கு நாலு என்பது குறைச்சல் இல்லை.

முதலில் மென்பொருள் வந்தது. ஒரே வேனில் ஆறு பேராக வந்து, ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தது. அன்றைக்கு மட்டும் பதினோரு வீடு பார்க்க வேண்டியிருந்ததாம். அடுத்த வாரம் உணவுத் தொழில்நுட்பம் வந்தது. மூன்று வாழைக்காய் பஜ்ஜியை ரசித்துத் தின்றுவிட்டு, எண்ணெய் இரண்டாம் முறை காய்ந்தது என்று சொன்னது. மங்கையின் அம்மா சிவகாமிக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த இடம் வேண்டாம் என்று அவளே முடித்துவிட்டாள். மூன்றாவதாக வந்த வானியல் நல்ல குடும்பம்தான். டவுன் பஸ்ஸில் தனியாக வந்து, காப்பி ஆறுகிற வரைக்கும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டது. மின்வாரியத்தில் போர்மேனாக இருக்கும் அப்பா, முடியாது என்றார்.

நாலாவதாக நிலநடுக்கவியல் வருவதாகச் செய்தி வந்தபோது வீடே சந்தோஷப்பட்டது. மங்கைக்கு மட்டும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அது அவளைப் பார்க்க வருகிற வேலை அல்ல. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த சாத்தான்குளம் பெனினாவுக்கு வந்திருக்க வேண்டியது. இது மங்கைக்கும் பெனினாவுக்கும் மட்டுமே தெரியும்.

நடந்தது இதுதான். விடுதிக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதன் அடியில் பெனினா ஒரு டிபன் டப்பாவைப் புதைத்து வைத்திருந்தாள். உள்ளே அவளே காந்தமும் கம்பிச் சுருளும் வைத்துச் செய்த அதிர்வுமானி. நாற்பது நாள் மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார்ந்து, தரை நடுங்கியதையெல்லாம் நீள நோட்டில் கோடாக வரைந்தாள். ரயில், மெஸ் கிரைண்டர், மூன்றாம் மாடியில் கட்டில் நகர்த்தியது என்று ஒவ்வொன்றுக்கும் காரணமும் எழுதினாள்.

வேலைகளுக்கு அனுப்புகிற விவரத் தாளில் 'சொந்தமாகச் செய்த ஆய்வு' என்று ஒரு கட்டம் உண்டு. மங்கைக்கு அதில் எழுத ஒன்றுமில்லை. மூன்று வருடமும் மார்க்கு வாங்கியதோடு சரி. பெனினா அம்மை போட்டு ஊருக்குப் போயிருந்த வாரத்தில், அந்த நோட்டை உட்கார்ந்து அழகான கையெழுத்தில் காப்பியடித்துக் கொடுத்துவிட்டாள்.

பெனினா திரும்பி வந்து தன் நோட்டைக் கொடுத்தபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் வேலைவாய்ப்பு அலுவலர் நடராஜன். எது யாருடையது என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார். மங்கை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழகான கையெழுத்துதான் அசல் என்று அவர் முடிவு செய்து, பெனினாவின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பெனினாவின் வீட்டுக்கு ஒரு வேலையும் வரவில்லை. அவளுடைய அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் முந்திரிக்கொத்து சுட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள். பெனினா அறையில் எப்போதும்போல மங்கைக்கும் சேர்த்து வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அந்தத் தண்ணீரில்தான் மங்கை தினமும் முகம் கழுவினாள்.

நிலநடுக்கவியல் மூன்று மணிக்கு வந்தது. செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தது. நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தது. அலமாரியில் இருந்த தம்ளர்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

"பின்வீட்ல மாவாட்டுறாங்க போல" என்றது.

"ஆமாங்க, இட்லிக்கு" என்றாள் சிவகாமி. வந்த இடம் பொறுப்பானது என்று அவளுக்கு அப்போதே பிடித்துப்போனது.

மங்கை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அது, அவள் விவரத் தாளோடு கொடுத்திருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றது.

"எல்லாத்துக்கும் காரணம் எழுதியிருக்கீங்க. பதினேழாம் நாள் ஒரு மணி பத்துக்கு மட்டும் 'காரணம் தெரியவில்லை'ன்னு இருக்கு. அது என்னதும்மா?"

பெனினா எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதியவளுக்கு எப்படித் தெரியும். "லாரியா இருக்கும்" என்றாள் மங்கை.

தம்ளர் ஒன்று அலமாரியிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

நிலநடுக்கவியல் தன் பைக்குள் வந்ததிலிருந்தே ஓடிக்கொண்டிருந்த சின்ன அதிர்வுமானி ஒன்றை வெளியே எடுத்தது. தம்ளர் விழுந்த நேரத்தில் அது கக்கியிருந்த காகிதத்தை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தது. இரண்டிலும் ஒரே கோடு, ஒரே உயரம், ஒரே வால்.

"லாரி தூரத்துலேர்ந்து வந்து தூரமாப் போகும். இது ஒரே தட்டு. ஒருத்தரோட அதிர்வு இன்னொருத்தருக்கு வராது. அன்னிக்கு ஒரு மணி பத்துக்கு அந்த மரத்தடியில நீங்க நின்னீங்களா?"

நின்றாள். புதைந்திருந்த டப்பாவுக்கு மேலேயே நின்றுகொண்டு, எழுதிக்கொண்டிருந்த பெனினாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இதை நம்முடையது என்று கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று முதன்முதலாக நினைத்தது அப்போதுதான். நினைத்த மாத்திரத்தில் வெட்கம் காலோடு இறங்கிப் போயிருக்கிறது. டப்பா அதை எழுதிக்கொண்டது.

"அது என் நோட்டு இல்ல" என்றாள் மங்கை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நாலு தம்ளர்கள் விழுந்தன.

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாமி தட்டில் வைத்திருந்த வெற்றிலை பாக்கையும் பழத்தையும் ஒரு மஞ்சள் பைக்குள் எடுத்து வைத்தாள். பஜ்ஜியைத் தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டினாள்.

"சாத்தான்குளம் போய்ச் சேர இருட்டிரும். இது வழியில சாப்பிட. பழம் அந்தப் பிள்ளைக்கு" என்று நிலநடுக்கவியலிடம் கொடுத்தாள். மங்கையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஜன்னல் சீட் கெடைச்சுது" என்று மட்டும் சொன்னார். மங்கை அதற்கப்புறம் அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கவில்லை.

பெனினாவுக்கு அந்த வாரமே தட்டு மாற்றினார்கள். மலையடிவாரத்தில் ஓர் அதிர்வு நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனாள்.

எட்டு மாதம் கழித்து மங்கைக்கு நியமன உத்தரவு வந்தது. நிலையத்துக் கருவியைத் தினமும் சரிபார்க்க, என்றைக்கும் ஒரே அளவில் இருக்கிற ஓர் அதிர்வு தேவைப்பட்டது. ரயிலை நம்ப முடியவில்லை, கிரைண்டர் தேய்ந்துவிடுகிறது. பழைய கோடுகளை எடுத்துப் பார்த்ததில், காலம் போகப் போகக் குறையாதது மங்கையினுடையது ஒன்றுதான் என்று கண்டிருந்தார்கள். நடராஜனும் விண்ணப்பித்திருந்தாராம். அவரை ஒரு முழு நாள் உட்காரவைத்தும் முள் அசையவில்லை.

மங்கை போய்ச் சேர்ந்தாள். காலை பத்து மணிக்குக் கருங்கல் மேடையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, அந்த நோட்டையும் பெனினாவின் அம்மா சுட்டு வைத்த முந்திரிக்கொத்தையும் நினைக்க வேண்டும். பெனினா முள்ளைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

"கொறஞ்சிருக்கா?" என்று மங்கை கேட்பாள்.

"இல்லட்டி. நேத்து இருந்தது அப்படியே இருக்கு."

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை, முள் அடங்கியதும் பெனினா பேனாவை மூடி வைத்தாள்.

"நான் அத அன்னைக்கே விட்டுட்டேன்ட்டி. ஒனக்கு அழகான கையெழுத்து, அவ்வளவுதான். நீயும் விடு."

மங்கைக்கு உடம்பெல்லாம் கூசியது. முள் தாளின் விளிம்பைத் தாண்டிப் போய்ச் சுவரில் ஒரு கோடு இழுத்தது. பெனினா நோட்டைத் திறந்து, நேரத்தை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'தெரியும்' என்று எழுதினாள்.

மத்தியானம் அடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பெண் நெளிந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"பத்து மணிக்கு வர்றது எங்களுக்குப் பழக்கம்மா. அதப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துல மணியே அடிக்காங்க. ஆனா இன்னைக்கு மாதிரி மன்னிக்கிறதா இருந்தா முந்தின நாளே ஒரு வார்த்த சொல்லிருங்க. பாத்திரத்த எறக்கி வச்சுக்கிடுவோம்."

சரி என்றாள் பெனினா. மங்கையைக் கூப்பிட்டு, வாசல் பலகையில் அவளுடைய அழகான கையெழுத்திலேயே எழுதச் சொன்னாள். மன்னிப்பு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி.