நகராட்சி லிஃப்ட்

ஏறாதீங்க. கொஞ்சம் நில்லுங்க. கதவு மூடாம இருக்கத்தான் காலை நடுவுல வச்சிருக்கேன், திமிர்ல இல்லை. சொல்றதைக் கேட்டுக்குங்க, அப்புறம் ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்.

நேத்து வரைக்கும் நான் இந்த நகராட்சித் தலைவரோட ஸ்டெனோ. மன்றக் கூட்டம் மூணாவது மாடியில. இந்த லிஃப்ட் புதுசு. தலைவர்தான் ரிப்பன் வெட்டித் திறந்து வச்சார். ஆனா அதுக்கப்புறம் அவர் இதுல ஏறி நான் பார்த்ததே இல்லை. நேத்து அவருக்கு முட்டி வலி, வேற வழியில்லாம என்னையும் கூப்பிட்டுக்கிட்டு ஏறினார். ஏறும்போதே கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ரெண்டாவது மாடி தாண்டினதும் ஒரு குலுக்கு. விளக்கு போச்சு, லிஃப்டும் நின்னுடுச்சு.

"ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்"னார். மேல எங்கேயோ கிர்ர்னு ஒரு சத்தம், லிஃப்ட் ஒரு சாண் இறங்கிச்சு. எனக்கு என் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு. ஒரே பொண்ணு எனக்கு, இப்பதான் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். அவளுக்கு நான், எனக்கு அவ, வேற நாதி கிடையாது. ஸ்கூல் விட்டா யாருங்க போய்க் கூட்டிட்டு வருவா?

தலைவர் துணைத்தலைவருக்குப் போன் போட்டார். அவர் வேற யாருமில்லை, சொந்த மச்சான்தான், பொண்டாட்டியோட தம்பி.

"மாப்ளே, மாட்டிக்கிட்டோம்டா. கதவை உடைக்கச் சொல்லு."

"மெக்கானிக் கடப்பாரையோட ரெடியா நிக்கிறார் மாமா. ஆனா கதவு நகராட்சிச் சொத்தாச்சே. உடைக்கணும்னா தலைவர் உத்தரவு வேணும்."

"நான்தான்டா தலைவர். உத்தரவு போட்டுட்டேன், உடை."

"மன்றத்துல நேர்ல உட்கார்ந்து போடணும் மாமா. நீங்க கொண்டு வந்த விதிதானே. இருங்க, போனை மைக் பக்கத்துல வைக்கிறேன், எல்லாரும் கேக்கட்டும்."

"நான் அங்க வந்து உட்காரணும்னா நீ கதவைத் திறக்கணுமே."

"அதைத்தான் எல்லாரும் பேசிட்டிருக்கோம். ஒரே வழிதான் இருக்கு மாமா. நீங்க ராஜினாமா பண்றேன்னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்னைத் தலைவராக்கிடுவாங்க, நான் உடனே உத்தரவு போட்டுடுறேன்."

போன்ல உத்தரவு போட முடியாதாம், ராஜினாமா மட்டும் பண்ணலாமாம். வேற நேரமா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அதுக்குள்ள லிஃப்ட் இன்னொரு சாண் இறங்கிடுச்சு.

தலைவர் போனைக் கீழ இறக்கி, கையால பொத்திக்கிட்டார். "செத்தாலும் நாற்காலியை விட மாட்டேன்"னார்.

"சார், நீங்க மட்டும் சாகப் போறதில்லை. நானும் உள்ளதான் இருக்கேன்"னேன்.

அவர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். "ஏம்மா, கயிறு அறுந்தா லிஃப்டைப் பிடிச்சு நிறுத்த ஒரு பிரேக் இருக்கும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"இதுல இல்லை."

லிஃப்டை வாங்கிக் கொடுத்ததே மச்சான்தானாம். பிரேக்கை மாட்டாம விட்டுட்டு, மிச்சம் பிடிச்சதை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்களாம். "மூணு மாடிதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டோம்"னார் அந்தப் பாவி மனுஷன்.

போனைப் பிடுங்கிக் கத்தினேன். "இந்த லிஃப்ட்ல பிரேக் இல்லை. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து தின்னுட்டாங்க. யாராவது வந்து காப்பாத்துங்க."

உடனே லைன் கட்டாயிடுச்சு.

தலைவர் இருட்டுல மெதுவாச் சொன்னார். "கெடுத்துட்டியேம்மா. இவ்வளவு நேரம் அவனுக்கு என் நாற்காலி மட்டும்தான் வேணும். இப்ப நாம ரெண்டு பேரும் வெளிய வராம இருந்தாலே அவனுக்கு நல்லது."

அதைக் கேட்டதும் வந்த பயம், லிஃப்ட் இறங்கினப்பகூட வரலைங்க. கயித்துக்காவது நம்ம மேல எந்தக் கோபமும் கிடையாது.

அவரே திரும்பப் போன் போட்டார். "மாப்ளே, ராஜினாமா பண்றேன். இந்தப் பொண்ணு பயத்துல என்னமோ உளறிடுச்சு, யாரும் மனசுல வச்சுக்க வேண்டாம்." சொல்லிட்டு, போனைப் பொத்திக்கிட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சு நெருக்கினார். "ஆமான்னு சொல்லும்மா. உயிரோட போகணும்ல."

"ஆமாங்க, உளறிட்டேன்"னு நானும் சொன்னேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?

போன்ல கைதட்டல் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல கடப்பாரை உள்ள வந்துச்சு, புதுத் தலைவர் கழுத்துல மாலையோட குனிஞ்சு, கை கொடுத்து என்னை மேல தூக்கிவிட்டார். பார்த்தவங்க எல்லாம் உருகிட்டாங்க. அவர் என் காதுகிட்ட வந்து, "பயந்துட்டியாம்மா? லிஃப்டைப் பத்தி உனக்குத்தான் நிறையத் தெரியுது. நாளைலேர்ந்து நீதான் ஆபரேட்டர். பூட்டி வச்சா ஜனங்க தப்பா நினைப்பாங்க, அதனால நிறுத்தக் கூடாது. லிஃப்ட் நின்னா உன் வேலையும் நின்னுடும்"னார். முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

ராவோட ராவா கதவை மட்டும் சரி பண்ணிட்டாங்க. இன்னிக்குக் காலைல அவர் வந்தார். "ஏறுங்க சார்"னு வழி விட்டேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காராம், படியில போயிட்டார். பின்னாலயே பழைய தலைவர் தன் சாமானை எடுத்துட்டுப் போக வந்தார். முட்டி வலியோட, கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு, அவரும் படியிலதான் ஏறினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே சொல்லிப் படிப் பக்கம் அனுப்பிட்டிருக்கேன். நீங்களும் படியிலயே போயிடுங்க. உங்க தெருவுல தண்ணி வரலைன்னு புகார் கொடுக்கத்தானே? அந்த ஆபீசர் எப்படியும் சீட்ல இருக்க மாட்டார், அவசரமே இல்லை.

மணி அடிக்குது, கேக்குதா? மூணாவது மாடியிலேர்ந்து பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்காங்க. புதுத் தலைவர்தான், எனக்குத் தெரியும். அவருக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, லிஃப்ட் ஓடுதான்னு பார்க்கிறார். பாருங்க, கதவு என் காலை இடிச்சு இடிச்சுத் திரும்புது.

நான் மேல போய்த்தான் ஆகணும். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். பக்கத்துத் தெருவுலதான் என் பொண்ணோட ஸ்கூல். ரெட்டை ஜடை, நீலப் பை, கேட் பக்கத்துல தனியா நிப்பா. நான் இறங்கி வரலைன்னா போய்க் கூட்டிட்டு வந்துடுங்க, அம்மா அனுப்பிச்சாங்கன்னு சொன்னா வருவா.

தள்ளி நில்லுங்க. காலை எடுக்கிறேன்.