ஒரே கார்டில் இரண்டு வீடு

கிருபாகரன் இருபத்திரண்டு வருடமாக ஒரு வழக்கத்தைக் கட்டிக் காத்து வந்த படக்காரன். நல்ல காரியத்துக்கு ஒரு மெமரி கார்ட், செத்தவீட்டுக்கு வேறொரு கார்ட். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியம், பிறந்தநாள் எல்லாம் குங்குமப் பொட்டு வைத்த கார்டில் ஏறும். செத்தவீடென்றால் கறுப்பு டேப் ஒட்டிய கார்ட். அதைக் கமராப் பையில்கூடச் சேர்க்கமாட்டான். சேட்டுப் பொக்கற்றில் தனியே கிடக்கும். கொழும்பு வெள்ளவத்தைச் சனம் படத்தின் வடிவைப் பார்க்க முதல் இதைத்தான் விசாரிக்கும். மணவறைக்கு முன்னால் நிற்கிற கமராவுக்குள் நேற்றைய பிணம் கிடக்கிறதென்று தெரிந்தால் எந்தத் தாய் பொறுப்பாள்?

அந்த வழக்கம் போன வெள்ளிக்கிழமை, தாலி கட்டுகிற நேரம் பார்த்து உடைந்தது.

களைப்புத்தான் காரணம். செவ்வாய் ஒரு சாமத்தியம், புதன் இரத்மலானையில் ஒரு கொம்பனி விழா, வியாழன் கொட்டாஞ்சேனையில் செத்தவீடு, வெள்ளி வெள்ளவத்தையில் கலியாணம். கூட நின்று எடுத்தவன் றுமேனியாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. கிருபாகரனின் வலது முழங்கால் குந்தினால் எழும்ப மறுக்கிறது, எழும்பினால் குந்த மறுக்கிறது. இந்த லட்சணத்தில், ஐயர் தாலியைக் கையில் எடுத்த நேரம் கமராத் திரையில் ‘கார்ட் எரர்’ என்று வந்து நின்றது. கழற்றிப் போட்டான், ஊதிப் போட்டான், மசியவில்லை. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு அவனையே பார்த்தார். படத்துக்காகத் தாலியை இன்னொருதரம் கட்டச் சொல்ல முடியாது. கை தன்பாட்டில் சேட்டுப் பொக்கற்றுக்குள் போனது.

அப்படித்தான், நூற்று நாற்பத்துமூன்று செத்தவீட்டுப் படங்களுக்குப் பின்னால், நூற்று நாற்பத்துநாலாவது படமாக, மணப்பெண் சாம்பவியின் கழுத்தில் தாலி ஏறியது.

இது மட்டுமென்றால் வாயைப் பொத்திக்கொண்டு சமாளித்திருப்பான். கொட்டாஞ்சேனையில் பெட்டிக்குள் கிடந்தவர் அந்தச் சாம்பவியின் தாய்மாமன்.

வியாழக்கிழமை அங்கே போகும்வரை கிருபாகரனுக்கு அது தெரியாது. இறந்தவருக்குப் பெயர் பரராஜசிங்கம். கொன்ஸ்ரன்ஸ் என்ற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இருபத்தேழு வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போனவர். அன்றோடு வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக் கதவு அவருக்கு அடைபட்டது. மகன் கனடாவில், விசாச் சிக்கலில் வரமுடியாமல் இருந்து, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். கிருபாகரன் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனபோது, பெட்டியின் கால்மாட்டில் நமசிவாயம் நின்றார். மறுநாள் கலியாணத்துக்குப் படம் எடுக்க அவனைப் பேசியிருந்த, பெண்ணின் தகப்பன்.

நமசிவாயம் அவனைக் கையில் பிடித்து ஒழுங்கைக்கு இழுத்துப் போனார்.

“தம்பி, உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். இவர் என்ர மனுசியின்ர தமையன். அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நாளைக்குக் கலியாணம் இல்லை. செத்தவீட்டுத் துடக்கு இல்லையெண்டு ஐயர் சொன்னாலும் மாப்பிள்ளை வீட்டார் கேப்பினமே? பெடியன் சுவிஸில இருந்து மூண்டு கிழமை லீவில வந்து நிக்கிறான். அவையள் அடுத்த வியாழக்கிழமை பிளேன் ஏறட்டும், நானே அவளுக்குச் சொல்லுறன். அதுமட்டும் உம்மட வாயில இருந்து ஒரு சொல்லு வரப்படாது.”

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்யலாம் என்பார்கள். கிருபாகரன் ஒரு பொய்க்குத்தானே என்று தலையாட்டினான்.

இன்றைக்குத் திங்கள். கமராவில் மசியாத குங்குமக் கார்ட் கம்ப்யூட்டரில் வாசித்து, தாலிக்கு முந்திய படங்கள் இறங்கிவிட்டன; கறுப்பு டேப் கார்ட் இன்னும் இறங்கவில்லை. சனிக்கிழமையே இறக்கியிருக்கலாம். எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தான். ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் மணவறை. இரண்டையும் பிரித்து வைக்கிற வேலையை நினைக்கவே அலுப்பாக இருந்தது. ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தான். பதினொரு மணிக்கு நமசிவாயம் தனியே வந்து அல்பத்துக்குப் படம் தெரிந்தெடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் பிரித்துவிடலாம் என்று பத்து மணிக்கு ஸ்ரூடியோவைத் திறந்தான். ஸ்ரூடியோ என்பது பெரிய சொல். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும்.

பாலில்லாத பிளேன் ரீயை மேசையில் வைத்துவிட்டு, கார்டை ரீடரில் செருகினான். அது தொல்லை பிடித்த கம்ப்யூட்டர். கார்டைக் கண்டதும் கேட்காமலே திறந்து, முதலாம் இலக்கத்திலிருந்து எல்லாப் படத்தையும் வரிசையாகப் பரப்பிவிடும். அது பரப்பத் தொடங்கிய நேரம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தது நமசிவாயமில்லை. அவருடைய மனைவி இரத்தினம்மா, தனியாக.

கிருபாகரன் திரையைச் சடக்கென்று தன் பக்கம் திருப்பினான். திருப்பிய வேகத்தில் ரீ கவிழ்ந்து மேசையெல்லாம் ஓடியது.

“வாங்கோ அக்கா. அண்ணை வரேல்லையே?”

“அவர் பதினொண்டுக்கு வருவார். நான் கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனான்.” இரத்தினம்மா மூச்சு வாங்கினார். முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. “படம் பாக்கலாமோ தம்பி?”

“அதெல்லோ அக்கா, கார்ட் வாசிக்குதில்லை. காலமை இருந்து மல்லுக்கட்டுறன். நீங்கள் பின்னேரம் வாங்கோவன்.”

“வாசிக்குது தம்பி,” என்றார் இரத்தினம்மா. “உமக்குப் பின்னால அலுமாரிக் கண்ணாடியில தெரியுது.”

கிருபாகரன் திரும்பிப் பார்த்தான். கமராக்கள் வைத்திருந்த அலுமாரியின் கண்ணாடிக் கதவில், திரை அப்படியே விழுந்து கிடந்தது. பெட்டி, பெட்டி, பெட்டி, வரிசையாக. இனி இந்த மனுசி குழறி அழப்போகிறா, கீழே மருந்துக் கடைக்காரன் ஓடி வரப்போகிறான், நமசிவாயம் வந்து தன் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்து, அவன் கையில் ரீத் துடைத்த துணியோடு அப்படியே நின்றான்.

இரத்தினம்மா குழறவில்லை. பிளாஸ்ரிக் கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டு இருந்தார்.

“இங்கால திருப்பும். சின்னண்ணையைப் பாக்கத்தான் வந்தனான்.”

“அக்கா, உங்களுக்கு…”

“புதன்கிழமை விடியவே தெரியும். கொன்ஸ்ரன்ஸ் மச்சாள் முதல் எனக்குத்தான் கோல் எடுத்தவ. நான்தான் சொன்னனான், ‘மச்சாள், என்னட்டச் சொல்லேல்லை எண்டு வையுங்கோ. இவருக்கு எடுத்துச் சொல்லுங்கோ’ எண்டு. இவர் எனக்கு மறைப்பார், ஆனா செத்தவீட்டுக்குப் போவார். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினனான், இவர் என்ன செய்வார் எண்டு எனக்குத் தெரியாதே? எங்கட பக்கத்தில ஒரு ஆளாவது போகவேணுமெல்லோ. நீர்தான் அங்கயும் படம் எடுத்தது எண்டும் மச்சாள்தான் சொன்னவ.”

அவ்வளவையும் கடைச் சாமான் பட்டியல் ஒப்புவிக்கிற குரலில் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கிருபாகரன் திரையைத் திருப்பினான். மறுப்பதற்கு அவனிடம் பலமும் இல்லை, காரணமும் இல்லை.

ஒவ்வொன்றாகப் பெருப்பித்துக் காட்டினான். ஒரு மூலையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கார்டிலிருந்து படங்கள் இறங்குகின்றன. இரத்தினம்மா திரைக்கு மிகக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

“தலை முழுக்க நரைச்சுப் போச்சு. கடைசியாப் பாக்கேக்க கன்னங்கரேலெண்டு இருந்தது.” அடுத்தது. “மெலிஞ்சு போனார்.” அடுத்தது. “இந்தக் கோட்டு ஆரின்ர? தோள் மூட்டு இறங்கிக் கிடக்கு. அண்ணைக்கு உடுப்பு அளவா இருக்கவேணும்.”

அறுபதுக்கு மேல் ஏதோ ஒரு படத்தில் கையால் மறித்தார். நமசிவாயம் பெட்டியின் கால்மாட்டில் குனிந்து, இறந்தவரின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கோணிப்போயிருந்தது.

“இவர் அழுதவரே?”

“ஓம் அக்கா. கனநேரம்.”

“அண்ணையை வீட்டுப் பக்கம் வரவேண்டாமெண்டு சொன்னது இவர்தான்,” என்றார் இரத்தினம்மா. “நான் ஓமெண்டு பேசாமல் இருந்தனான்.”

கிருபாகரன் எழும்பினான். யன்னலைச் சாத்தினான். “அக்கா, அழுங்கோ. இஞ்ச ஒருத்தரும் இல்லை.”

“அழப்படாது தம்பி. பிள்ளையளைப் பிளேன் ஏத்திப்போட்டு, வியாழக்கிழமை பின்னேரம் இவர் வந்து எனக்குச் சொல்லுவார். அப்பதான் நான் கேக்கிற மாதிரி விழுந்து அழவேணும். இப்ப அழுது முடிச்சா அண்டைக்கு எனக்குக் கண்ணீர் வராது.” மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “எனக்குத் தெரியுமெண்டு இவருக்குத் தெரியவே கூடாது. கூடப்பிறந்தவன் குழிக்குள்ள போய் ஒருநாள் ஆகேல்லை, இவள் தலைநிறையப் பூவோட கூறைத்தட்டு ஏந்தினவள் எண்டு தெரிஞ்சா, பிறகு இவர் என்னை எப்பிடிப் பாப்பார்? நானே என்னைப் பாக்கேலாமல் இருக்கிறன்.”

கிருபாகரன் அடுத்த படங்களை நகர்த்தினான். பெட்டியை மூடுகிற படம் வந்தது. அதைத் தாண்டவேண்டாம் என்று அவன் யோசிப்பதற்குள் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. மூடிக்குப் பின்னால், மஞ்சளும் சிவப்புமாக, சாம்பவியின் கழுத்தும் மாப்பிள்ளையின் இரண்டு கையும்.

“ஒரே கார்டிலயோ?” என்றார் இரத்தினம்மா.

கிருபாகரன் நடந்ததைச் சொன்னான். கார்ட் எரர் வந்தது, நாதஸ்வரக்காரர் பார்த்தது, பொக்கற்றுக்குள் கை போனது. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல்தரம் என்றான். வாய்க்கு வந்தபடி ஏசட்டும், ஏச்சு வாங்கினாலாவது பாரம் இறங்கும் என்று நினைத்தான்.

இரத்தினம்மா இரண்டு படத்தையும் மாறி மாறிப் போடச் சொன்னார். பெட்டி. தாலி. பெட்டி. தாலி.

“தாய்மாமன் நிக்கவேண்டிய இடந்தான்,” என்றார். பிறகு, “சாம்பவிக்குச் சொல்லிப்போடாதேயும். அவள் பயந்த பிள்ளை.”

படியில் பாரமான காலடி கேட்டது. பதினொன்றுக்கு இன்னும் கால்மணி இருந்தது. இரத்தினம்மா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்து, கதிரையை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினார். கிருபாகரன் செத்தவீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் வேறொரு ஃபோல்டருக்குள் தள்ளி மூடினான்.

நமசிவாயம் வாசலில் மனைவியைக் கண்டு திகைத்துப் போனார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“நீ கோயிலுக்கெல்லோ போனனீ?”

“வாற வழியில ஏறினனான். உங்களுக்குப் படம் தெரியத் தெரியாது. ஒண்டு தலை இல்லாததா எடுப்பியள், இல்லாட்டிக் கால் இல்லாததா.”

நமசிவாயம் திரையைப் பார்த்தார். தாலி. கிருபாகரனைப் பார்த்தார். கிருபாகரன், அவவுக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல், தலையை மெல்ல அசைத்தான். நமசிவாயம் பெரிய மூச்சொன்றை விட்டு, இன்னொரு கதிரையில் பொத்தென்று இருந்தார்.

மூவருமாகப் படம் தெரிந்தெடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கண் மூடியதை விலக்கினார்கள். அறுகரிசி போட்டு வாழ்த்தியதில் பதினெட்டு எடுத்தார்கள். இரத்தினம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சொன்னார், பொருத்தமாகவே சொன்னார். ஒருதரம்கூடக் குரல் பிசகவில்லை. அந்த மனுசியின் களைப்பைப் பார்க்கக் கிருபாகரனுக்குத் தன் முழங்கால் மறந்துபோயிற்று.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழும்பினார். “கீழ பிறஷர்க் குளிசை வாங்கவேணும். நீங்கள் முடிச்சுப்போட்டு வாங்கோ.” கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

காலடி தேயும்வரை காத்திருந்துவிட்டு நமசிவாயம் கிட்ட வந்தார். “நீர் பெரிய உதவி செய்தனீர் தம்பி. வாசலில அவளைக் கண்டோடன எனக்கு உயிர் போட்டுது.” திரையில் அப்போது நின்ற படத்தைக் காட்டினார். இரத்தினம்மா கூறைத்தட்டை ஏந்திக்கொண்டு, தலைநிறையப் பூவோடு, பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். “இதைப் பாரும். கலியாணம் கட்டின நாளில இருந்து இவள் இப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. இந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பொய்யும் சொன்னனான். தெரிஞ்சிருந்தா இப்பிடிச் சிரிச்சிருப்பாளே?”

கிருபாகரன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான்.

“இல்லை அண்ணை,” என்று சொல்லி, அதை அல்பத்தின் முதல் பக்கத்துக்குத் தெரிந்தெடுத்தான்.